உலாவிகளின் பங்கும் உலக நாடுகளும்

வட்டார அலுவலகத்துக் கணினியில் செவ்வையாகத் திறக்கும் விண்ணப்பப் படிவம், கிராமத்து விவசாயியின் கைபேசியில் திறக்க மறுக்கிறது. பள்ளியின் கணினி அறையில் ஒழுங்காகத் தோன்றும் பாடப் பக்கம், மாணவன் வீட்டிலுள்ள பழைய கருவியில் வெறுங்கட்டங்களாகக் காட்சியளிக்கிறது. பக்கம் ஒன்றே; அதனை அனுப்பும் அலுவலகமும் ஒன்றே. எனினும் ஓரிடத்தில் பயன்படுவது மற்றோரிடத்தில் பயனற்றுப் போகிறது. களப்பணியில் ஈடுபட்டோரும் ஆசிரியர்களும் இத்தகைய நிகழ்ச்சிகளை அடிக்கடி கண்டிருப்பர். கருவியின் கோளாறு என்றோ, உபயோகிப்பவரின் அறியாமை என்றோ இதனை ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் பல வேளைகளில் இதற்குக் காரணம், பக்கத்திற்கும் படிப்பவருக்கும் இடையே நிற்கும் ஒரு சாதனமாகும். அதுவே 'உலாவி' எனப்படும் மென்பொருள்.

எந்த உலாவியை எத்தனை பங்கு மக்கள் உபயோகிக்கின்றனர் என்னும் புள்ளிவிவரங்கள் மாதந்தோறும் வெளியாகின்றன. வலைப்பக்கங்களை அமைப்போர் இவ்வெண்களைப் பார்த்தே, எவ்வுலாவிக்கு ஏற்பத் தம் பக்கத்தை அமைப்பது என்று முடிவு செய்கின்றனர். ஆகவே இவ்வெண்கள் வியாபாரிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. ஓர் அரசாங்கப் படிவம் யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்பதையும் இவை ஓரளவு நிர்ணயிக்கின்றன. இவற்றை எவ்வாறு படிப்பது, நாட்டுக்கு நாடு இவை வேறுபடுவதற்குக் காரணம் என்ன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உலாவி என்பது யாது?

வலைப்பக்கம், அச்சிட்ட தாளைப் போல் முடிவான வடிவத்துடன் வந்து சேர்வதன்று. தொலைவிலுள்ள சேவைக் கணினியிலிருந்து எழுத்துக்களும் கட்டளைகளும் அடங்கிய ஒரு குறிப்பே வருகிறது. 'இவ்வரி தலைப்பு; இங்கே ஒரு படம்; இக்கட்டத்தில் பெயரை நிரப்ப வேண்டும்' என்று பொருள்படும் அக்கட்டளைகளைப் படித்து, அவற்றின்படி பக்கத்தை உருவாக்கிக் காட்டுவது உலாவியின் வேலை. வரைபடம் ஒன்றேயாயினும் கொத்தனாருக்குக் கொத்தனார் கைவேலை மாறுபடுவது போல, உலாவிக்கு உலாவி பக்கத்தின் தோற்றமும் செயலும் மாறுபடக்கூடும். உலாவியினுள் இவ்வேலையைச் செய்யும் பகுதியை 'உட்பொறி' என்பர்.

முதல் உலாவி 1990-ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றியது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள 'செர்ன்' என்னும் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர், ஆராய்ச்சியாளர்கள் தம் குறிப்புகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு அதனை அமைத்தார். 1993 ஏப்ரல் 30-ஆம் நாள் செர்ன் நிலையம் இவ்வலையின் அடிப்படை மென்பொருளைக் கட்டணமின்றி யாவரும் உபயோகிக்கலாம் என்று அறிவித்தது. எவர் வேண்டுமாயினும் உலாவி செய்யலாம் என்னும் நிலை அன்று உண்டாயிற்று. பல உலாவிகள் தோன்றியதற்கும் அவற்றிடையே போட்டி எழுந்ததற்கும் இதுவே தோற்றுவாய்.

பங்கை அளப்பது எவ்வாறு?

ஓர் உலாவி எப்பக்கத்தைக் கேட்டாலும், தன்னை அறிமுகம் செய்யும் ஒரு சிறு வரியை உடன் அனுப்புகிறது. தன் பெயர், பதிப்பு எண், தான் இயங்கும் கருவியின் வகை ஆகியவை அவ்வரியில் இருக்கும். பல இலட்சம் வலைத்தளங்களில் ஓர் எண்ணும் கருவியைப் பொருத்தி, வந்து சேரும் இவ்வரிகளைத் தொகுத்து எண்ணுவதே கணக்கெடுப்பு முறை. 'ஸ்டாட்கவுண்ட்டர்' என்னும் நிறுவனத்தின் மாதக் கணக்கு இவ்வகையில் மிகுதியாக எடுத்தாளப்படுவது.

இம்முறையில் கவனிக்கத் தக்க குறைகள் சில உண்டு. முதலாவது, அறிமுக வரியை அப்படியே நம்புவதற்கில்லை. 1990-களில் நெட்ஸ்கேப் உலாவி 'மொசில்லா' என்னும் பெயரால் தன்னை அறிவித்து வந்தது. அப்பெயரைக் கண்டால் மட்டுமே சில வலைத்தளங்கள் தம் சிறப்பான பக்கங்களை அனுப்பின. ஆகவே போட்டியாக வந்த உலாவியும் அதே பெயரைத் தன் வரியில் சேர்த்துக் கொண்டது. அதன்பின் வந்தவையும் அவ்வாறே செய்தன. இன்றும் முக்கியமான உலாவிகள் அனைத்தும் 'மொசில்லா' என்ற சொல்லுடனேயே தம் வரியைத் தொடங்குகின்றன. ஊர் மாறிச் செல்வோர் பழைய முகவரியையே சொல்லிக் கொண்டிருப்பதை இது ஒக்கும்.

இரண்டாவது, எண்ணப்படுவது எது என்னும் கேள்வி. திறக்கப்பட்ட பக்கங்களை எண்ணுவது ஒரு முறை. வந்த ஆட்களை எண்ணுவது மற்றொரு முறை. ஓர் எளிய கணக்கால் இவ்வேறுபாட்டை விளக்கலாம். ஓர் அலுவலகத்தில் 40 பேர் மேசைக் கணினியில் நாளொன்றுக்கு ஆளுக்குப் பத்துப் பக்கம் பார்ப்பதாகக் கொள்வோம். அருகிலுள்ள கிராமத்தில் 200 பேர் கைபேசியில் ஆளுக்கு ஒரு பக்கம் பார்க்கின்றனர். பக்கங்களை எண்ணினால் மொத்தம் 600. அதில் மேசைக் கணினியின் பங்கு மூன்றில் இரண்டு. ஆட்களை எண்ணினாலோ மொத்தம் 240. அதில் மேசைக் கணினியின் பங்கு ஆறில் ஒன்று. இரண்டு விடைகளும் பிழையற்றவை. ஆயினும் முதல் எண்ணை மட்டும் கண்டவர் கிராமத்தை மறந்துவிடுவார்.

இது வெறுங்கற்பனை அன்று. 2012-ஆம் ஆண்டு மே மாதத்தில், திறக்கப்பட்ட பக்கங்களை எண்ணிய ஸ்டாட்கவுண்ட்டர், கூகுள் நிறுவனத்தின் 'குரோம்' உலாவி உலகில் முதலிடம் பெற்றதாக அறிவித்தது. வருவோரின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, அதனை நாடுகளின் இணைய மக்கள் தொகைக்கு ஏற்ப நிறுத்துச் சீர்செய்த மற்றொரு நிறுவனமோ, அதே காலத்தில் மைக்ரோசாப்டின் 'இன்டர்நெட் எக்ஸ்புளோரர்' உலாவியே பாதிக்கு மேற்பட்ட பங்குடன் முதலிடத்தில் இருப்பதாகக் கூறியது. அளவுகோல் மாறியதும் முதலிடம் மாறிற்று.

அவ்வாண்டில் மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. மார்ச் 18-ஆம் நாள் குரோம் முதன்முறையாக ஒரே ஒரு நாள் மட்டும் முந்திச் சென்றது. அது ஞாயிற்றுக்கிழமை. வார நாட்களில் அலுவலகம் கொடுத்த உலாவியையும், விடுமுறை நாளில் வீட்டில் தாமே தேர்ந்த உலாவியையும் மக்கள் உபயோகித்தனர் என்பதே இதன் பொருள். ஓர் உலாவியின் பங்கு, மக்களின் விருப்பத்தை மட்டும் காட்டுவதன்று. அவர்கள் முன் எது வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. இக்கருத்தை மனத்தில் கொண்டால் உலாவிகளின் வரலாறு எளிதில் விளங்கும்.

முப்பது ஆண்டுகளின் ஏற்றத்தாழ்வு

1993-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா ஆகியோர் 'மொசைக்' என்னும் உலாவியை அமைத்தனர். எழுத்தின் நடுவே படத்தையும் காட்டிய அச்சாதனம், வலையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. அக்குழுவைச் சேர்ந்தோர் 1994-இல் வெளியிட்ட 'நெட்ஸ்கேப் நாவிகேட்டர்' ஓரிரு ஆண்டுகளிலேயே பெரும்பான்மைப் பங்கைப் பெற்றது.

1995-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை வெளியிட்டது. விரைவில் அது 'விண்டோஸ்' இயங்குதளத்தின் ஒரு பகுதியாகவே வரத் தொடங்கியது. புதிய கணினி வாங்கியவர் வேறோர் உலாவியைத் தேட வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. 1998 மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம், ஏகபோகத்தைத் தவறாக உபயோகித்ததாக அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கும் உத்தரவை நீக்கியதாயினும், ஏகபோகத்தைச் சட்ட விரோதமாகக் காத்துக் கொண்டது என்னும் முடிவை உறுதி செய்தது. ஆயினும் அதற்குள் நெட்ஸ்கேப் நலிந்துவிட்டது. 2003, 2004 ஆண்டுகளை ஒட்டி எக்ஸ்புளோரரின் பங்கு நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டி நின்றது.

போட்டி ஒழிந்ததன் விளைவு உடனே தெரிந்தது. 2001 ஆகஸ்டில் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. ஏழாம் பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. ஐந்தாண்டுக் காலம் பெரிய வளர்ச்சி எதுவுமின்றிக் கழிந்தது. இதற்கிடையில், நெட்ஸ்கேப் 1998-இல் பொதுமக்களுக்கு விட்டுக்கொடுத்த மூல நிரலிலிருந்து பிறந்த 'பயர்பாக்ஸ்' 2004 நவம்பரில் வெளிவந்து, 2009-ஆம் ஆண்டளவில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. 2008 செப்டம்பரில் குரோம் தோன்றியது. அதன் வேகம் அதன் வளர்ச்சிக்கு ஒரு காரணம். உலகில் மிகுதியாகப் பார்க்கப்படும் தேடற்பக்கத்திலேயே அதற்கு விளம்பரம் கிடைத்தது மற்றொரு காரணம். 'ஆண்ட்ராய்டு' கைபேசிகளில் முன்கூட்டியே பொருத்தப்பட்டு வந்தது மூன்றாவது காரணம்.

2016 அக்டோபரில் உலக அளவில் கைபேசி, பலகைக் கணினி ஆகியவற்றின் மூலம் பார்க்கப்பட்ட பக்கங்கள் மேசைக் கணினியின் பக்கங்களை முதன்முறையாக விஞ்சின. 2025-ஆம் ஆண்டில் குரோமின் பங்கு உலகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் 'சஃபாரி' ஆறில் ஒரு பங்கை ஒட்டி இரண்டாம் இடத்தில் உள்ளது. எஞ்சியவற்றைப் பிறர் பகிர்ந்துகொள்கின்றனர்.

நாட்டுக்கு நாடு

உலகச் சராசரி இதுவாயினும், தனித்தனி நாடுகளை நோக்கின் காட்சி வேறாகிறது.

ஐக்கிய அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கைபேசியில் முதலிடம் சஃபாரிக்கே உரியது. அங்கு 'ஐபோன்' வைத்திருப்போர் மிகுதி. அக்கருவியுடன் வருவது சஃபாரி. ரஷ்யாவில் 2012-இல் தோன்றிய 'யாண்டெக்ஸ்' உலாவிக்குக் கணிசமான பங்கு உண்டு. அந்நாட்டின் முதன்மையான தேடல் நிறுவனமே அதனை வெளியிடுகிறது. சீனத்தில் உள்நாட்டு நிறுவனங்களின் உலாவிகள் பல வழங்குகின்றன. ஜெர்மனியில் பயர்பாக்ஸ் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. இன்றும் அதன் பங்கு அங்கு உலகச் சராசரியைவிட மிக உயர்ந்தே உள்ளது. தம் அந்தரங்க விவரங்களைக் காப்பதில் அந்நாட்டு மக்களுக்குள்ள அக்கறை இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. 2010 ஜனவரியில் எக்ஸ்புளோரரில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, குறை நீக்கப்படும் வரை வேறோர் உலாவியை உபயோகிக்குமாறு ஜெர்மன் அரசாங்கத்தின் தகவல் பாதுகாப்பு அலுவலகமே மக்களுக்கு அறிவுரை கூறியது.

ஐரோப்பிய ஆணையம் வேறொரு வழியை மேற்கொண்டது. 2010 மார்ச் முதல் விண்டோஸ் கணினிகளில் பல உலாவிகளின் பெயர்களை வரிசையாகக் காட்டி, உபயோகிப்போரே தேர்ந்துகொள்ளும் 'தேர்வுத் திரை' ஒன்றை மைக்ரோசாப்ட் வைக்கலாயிற்று. பின்னர் ஓராண்டுக்கு மேலாக அத்திரை பல கணினிகளில் காட்டப்படவில்லை என்று தெரியவரவே, 2013 மார்ச்சில் 56.1 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. முன்னால் வைக்கப்படுவதே தேர்ந்தெடுக்கப்படுகிறது என்னும் உண்மையை அவ்வாணையம் நன்கு உணர்ந்திருந்தது.

தென் கொரியாவின் படிப்பினை

இந்நாடுகள் அனைத்திலும் தென் கொரியாவின் அனுபவமே அரசாங்க ஊழியர்கள் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. ஏனெனில் அங்கே ஓர் உலாவியின் பங்கை நிலைநிறுத்தியது சந்தை அன்று. நல்ல நோக்கத்துடன் இயற்றப்பட்ட விதிகளே.

1990-களில் வலுவான சங்கேத முறைகளை வெளிநாடுகளுக்கு அனுப்புவதை அமெரிக்க அரசாங்கம் கட்டுப்படுத்தி இருந்தது. வெளிநாட்டுப் பதிப்பு உலாவிகளில் 40 பிட் அளவுள்ள சங்கேதத் திறவுகோலே இருந்தது. வங்கிப் பணிகளுக்கு அது போதாது எனக் கண்ட தென் கொரியா, 'சீட்' என்னும் 128 பிட் சங்கேத முறையைத் தானே உருவாக்கியது. 1999-இல் மின்னணுக் கையொப்பச் சட்டமும் இயற்றப்பட்டது. வங்கிப் பணிகளுக்கும் பெருந்தொகைக் கொள்முதலுக்கும் அங்கீகாரம் பெற்ற மின்னணுச் சான்றிதழ் கட்டாயமாயிற்று. உலாவிகளில் 'சீட்' முறை இல்லாமையால், அதனைச் செய்யும் ஒரு துணைக் கருவியை உபயோகிப்போர் தம் கணினியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அத்துணைக் கருவி, மைக்ரோசாப்டின் 'ஆக்டிவ்-எக்ஸ்' என்னும் முறையில் அமைந்தது. எக்ஸ்புளோரர் ஒன்றிலேயே அது இயங்கும்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கட்டுப்பாடு தளர்ந்தது. காரணம் மறைந்தது, விதியோ நின்றது. வங்கி, வரி, கடை, பள்ளி என எல்லாத் தளங்களும் ஒரே உலாவிக்கென அமைக்கப்பட்டன. 2010-ஆம் ஆண்டளவில் உலகில் எக்ஸ்புளோரரின் பங்கு பாதியை ஒட்டி இறங்கிக் கொண்டிருக்க, தென் கொரியாவின் மேசைக் கணினிகளில் அது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நின்றது. அதிவேக இணைப்பில் உலகின் முன்னணியில் நின்ற நாடு, உலாவியில் மட்டும் பழமையில் கட்டுண்டு கிடந்தது. வேறு கணினி வைத்திருந்தோர் வங்கிப் பணிக்கென்றே ஒரு விண்டோஸ் கணினியை நாட வேண்டியதாயிற்று. துணைக் கருவி கேட்கும்போதெல்லாம் 'சரி' என்று அழுத்தும் பழக்கம் மக்களிடம் வேரூன்றியது. கேடு செய்யும் நிரல்களும் அதே வழியாகவே நுழையும் என்பதால், பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடே பாதுகாப்பைக் குலைத்தது.

2014-இல் இணையக் கொள்முதலுக்கு இச்சான்றிதழ் கட்டாயம் என்னும் விதி நீக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அங்கீகாரச் சான்றிதழ் முறையே முடிவுக்கு வந்தது. 2022 ஜூன் 15-ஆம் நாள் மைக்ரோசாப்ட் எக்ஸ்புளோரருக்கு அளித்து வந்த ஆதரவை நிறுத்தியபோது, தென் கொரியாவின் கியோங்ஜு நகரில் ஒரு பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல் ஒன்றையே அமைத்து வைத்தார். வேடிக்கையாகச் செய்த அக்காரியத்தில் அந்நாட்டவரின் நெடுநாளைய சலிப்பு வெளிப்பட்டது. ஒரு விதியின் பிழையைத் திருத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன என்பதே இதனால் அறிய வேண்டுவது.

இந்தியாவின் அனுபவம்

இந்தியாவில் உலாவிகளின் பங்கை நிர்ணயித்தவை பெரும்பாலும் மூன்று: எழுத்துரு, கட்டணம், கருவி.

இணையம் பரவத் தொடங்கிய நாளில் இந்திய மொழிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை நடைமுறையில் இல்லை. செய்தித்தாள்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தன. பக்கத்துடன் எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் முறையை 1997-ஐ ஒட்டி மைக்ரோசாப்டும் நெட்ஸ்கேப்பும் தனித்தனியே கொணர்ந்தன. ஒன்றின் முறை மற்றொன்றில் இயங்காது. நெட்ஸ்கேப் மறைந்தபின், இம்முறையில் அமைந்த இந்தி, தமிழ், தெலுங்கு முதலிய மொழிப் பக்கங்களைப் படிக்க எக்ஸ்புளோரரே வழியாயிற்று. தாய்மொழியில் படிக்க விரும்பியவருக்கு உலாவியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லாமற் போயிற்று. எல்லா மொழிகளுக்கும் பொதுவான 'யூனிகோடு' முறை பரவிய பின்னரே இத்தளை அறுந்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டது. ஒரு பொதுத் தரம், பல உலாவிகளுக்கும் ஒருசேர வழி திறந்துவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது, கட்டணம். 2012-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் கைபேசி வழியாகப் பார்க்கப்பட்ட பக்கங்கள் மேசைக் கணினியை விஞ்சிவிட்டன. உலகில் இம்மாற்றம் நிகழ்ந்தது நான்கு ஆண்டுகள் கழித்தே. அக்காலத்தில் கைபேசிகள் சிறியவை, இணைப்பு மந்தம், கட்டணமோ அதிகம். இந்நிலைக்கு ஏற்றவையாக இருந்தவை நார்வே நாட்டு நிறுவனம் வெளியிட்ட 'ஓப்பரா மினி', சீன நிறுவனத்தின் 'யூசி' ஆகிய உலாவிகள். இவை பக்கத்தை நேரே கேட்பதில்லை. நிறுவனத்தின் சேவைக் கணினி முதலில் பக்கத்தைப் பெற்று, படங்களைச் சுருக்கி, வேண்டாதவற்றை நீக்கி, சிறு பொதியாகக் கட்டிக் கைபேசிக்கு அனுப்பும். பக்கம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதும் உண்டு. மாதக் கடைசியில் கையிருப்பு குறைந்த மாணவனுக்கு இச்சிக்கனம் பெரிது. முதலில் ஓப்பராவும், 2015, 2016 ஆண்டுகளில் யூசியும் இந்தியக் கைபேசிகளில் முன்னணியில் நின்றன. யூசியின் பங்கு பாதியளவை எட்டியது. அமெரிக்காவில் அப்பெயரை அறிந்தோரே சிலர்.

இச்சிக்கனத்திற்கு ஒரு விலையும் உண்டு. இடையிலுள்ள சேவைக் கணினியின் வழியே எல்லாம் செல்வதால், உபயோகிப்பவர் பார்ப்பவற்றை அந்நிறுவனம் அறிய இயலும். 2015-இல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'சிட்டிசன் லேப்' ஆராய்ச்சிக் குழு, யூசி உலாவி உபயோகிப்போரின் தேடற்சொற்கள், இருப்பிடம் முதலிய விவரங்களைப் போதிய சங்கேதக் காப்பின்றி அனுப்புவதாக வெளியிட்டது.

2016 செப்டம்பரில் 'ஜியோ' சேவை தொடங்கியதை அடுத்து நாடெங்கும் இணையக் கட்டணம் வீழ்ந்தது. குறைந்த விலையில் ஆண்ட்ராய்டு கைபேசிகளும் பரவின. சுருக்கி அனுப்பும் உலாவியின் தேவை குறைய, கருவியுடன் வரும் குரோமே போதும் என்ற நிலை வந்தது. 2020 ஜூன் 29-ஆம் நாள், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-அ பிரிவின் கீழ் இந்திய அரசாங்கம் தடை செய்த 59 செயலிகளுள் யூசி உலாவியும் ஒன்று. 2025-இல் இந்தியாவில் குரோமின் பங்கு பத்தில் ஒன்பதை ஒட்டி இருக்கிறது. ஐந்தாண்டுகளில் ஒரு நாட்டின் வழக்கம் முற்றிலும் மாறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

பெயர் பல, உட்பொறி சில

பெயர்கள் பலவாக இருப்பதைக் கண்டு போட்டி மிகுதி என்று எண்ணிவிடலாகாது. ஓப்பரா 2013-இலும், மைக்ரோசாப்டின் புதிய உலாவியாகிய 'எட்ஜ்' 2020-இலும் தம் சொந்த உட்பொறியைக் கைவிட்டு, குரோமின் அடிப்படையான 'குரோமியம்' என்னும் நிரலுக்கு மாறின. யாண்டெக்ஸ் உலாவியும் அதன்மீதே எழுந்தது. குரோமியத்தின் 'பிளிங்க்', ஆப்பிளின் 'வெப்கிட்', பயர்பாக்ஸின் 'கெக்கோ' ஆகிய மூன்று உட்பொறிகளே இன்று பெருவழக்கில் உள்ளன. ஐபோன் கருவியில் எவ்வுலாவியும் வெப்கிட்டையே உபயோகிக்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அங்கு இவ்விதி தளர்த்தப்பட்டது.

இவ்வாறு ஒரே கையில் பங்கு சேர்வதைப் பல அரசாங்கங்கள் கவனித்து வருகின்றன. 2018-இல் ஐரோப்பிய ஆணையம், ஆண்ட்ராய்டு கருவிகளில் தேடற்செயலியையும் குரோமையும் கட்டாயமாகச் சேர்த்தது குறித்துக் கூகுளுக்கு அபராதம் விதித்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு தொடர்பான நடவடிக்கைகளுக்காக 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவ்வபராதத்தை 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதி செய்தது. அமெரிக்காவில் குரோமையே கூகுள் விற்றுவிட வேண்டும் என்று அரசாங்கம் கோரியது. 2025 செப்டம்பரில் நீதிமன்றம் அதற்கு இசையவில்லை. இந்தியாவில் 2023 ஆகஸ்டில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் உள்நாட்டு உலாவி அமைக்கும் போட்டியை அறிவித்தது. 2025 மார்ச்சில் 'ஸோஹோ' நிறுவனம் ஒரு கோடி ரூபாய் முதற்பரிசைப் பெற்றது.

ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை

இப்புள்ளிவிவரங்களைக் காணும் ஒருவர் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுதல் நலம். எண்ணப்பட்டவை ஆட்களா, பக்கங்களா? கைபேசியா, மேசைக் கணினியா, இரண்டும் சேர்ந்தா? எந்நாடு, எந்த மாதம்? அவ்வுலாவி தேர்ந்து கொள்ளப்பட்டதா, கருவியுடன் வந்ததா? இந்நான்கிற்கும் விடை இல்லாத எண், நிறுக்கும் கல் எதுவெனத் தெரியாத எடையைப் போன்றது.

களப்பணியாளர்கள் முகாம் நடத்துவதற்கு முன், உரிய படிவத்தை அலுவலகக் கணினியில் மட்டுமின்றி, அவ்வூரில் வழங்கும் மலிவான கைபேசியிலும், மந்தமான இணைப்பிலும் திறந்து பார்த்தல் வேண்டும். படிவம் திறக்கவில்லையெனில், கருவியின் வகை, உலாவியின் பெயர், பதிப்பு எண், நாள் ஆகிய நான்கையும் குறித்து மேலிடத்திற்கு அனுப்பலாம். 'வேலை செய்யவில்லை' என்ற ஒரு வரியைவிட இக்குறிப்பு பன்மடங்கு பயனுடையது. 2009 முதல் வழங்கிவரும் இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளும், பக்கங்களைப் பல உலாவிகளில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றே கூறுகின்றன. ஆதரவு நின்றுபோன பழைய உலாவிகளை அலுவலகக் கணினிகளில் வைத்திருத்தல் ஆபத்தானது என்பதையும் மறக்கலாகாது.

ஆசிரியர்கள் இதனை நல்லதொரு வகுப்புப் பயிற்சியாக அமைக்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் அண்டை வீடுகளிலும் உள்ள கருவிகளில் எவ்வுலாவி இருக்கிறது, அதனைத் தேர்ந்தவர் யார் என்று கேட்டு எழுதி வரட்டும். முடிவைச் சதவிகிதமாக்கி, தேசியச் சராசரியுடன் ஒப்பிடட்டும். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்னும் கேள்வியிலிருந்தே புள்ளியியல் பாடம் தொடங்கிவிடும்.

இறுதியாக ஒரு கணக்கு. ஒரு திட்டத்திற்கு ஒரு கோடிப் பேர் விண்ணப்பிப்பதாகவும், அவர்களுள் நூற்றுக்கு மூன்று பேரின் உலாவியில் படிவம் திறக்கவில்லை எனவும் கொள்வோம். ஏட்டில் மூன்று என்பது சிறிய எண். நாட்டில் அது மூன்று இலட்சம் மக்கள். பழைய கைபேசியை வைத்திருப்போர், புதியது வாங்க இயலாதோர், திரையை ஒலியாக மாற்றிக் கேட்கும் பார்வையற்றோர் ஆகியோரே பெரும்பாலும் அம்மூன்று இலட்சத்தில் அடங்குவர். அத்திட்டம் யாருக்காக வகுக்கப்பட்டதோ, அவர்களே அதன் வாயிலில் நின்றுவிடுகின்றனர். பெரும்பான்மையோர் எதனை உபயோகிக்கின்றனர் என்பதைப் புள்ளிவிவரம் சொல்லும். எஞ்சியோர் யார், எங்கே இருக்கின்றனர் என்பதைச் சொல்ல வல்லவர்கள், அவர்களிடையே பணிபுரியும் ஊழியர்களும் ஆசிரியர்களுமே ஆவர்.